ஐந்து மணிக்கட்டுகள்

மூன்றாவது துளையிலும் அதே நாடிதான் துடித்தது.

நான்கு துடிப்பு, பிறகு, இருட்டில் படியிறங்குகிறவர் ஒரு படியைக் காணாமல் தயங்கியதுபோல ஓர் இடைவெளி, மறுபடி நான்கு. வெள்ளைத்துணிக்குள் சசிரேகாவின் மூன்று விரல்களும் சில்லிட்டன.

உத்திரமேரூர்க் கல்யாண மண்டபத்தில், ஆங்கில மருத்துவச் செவிலியருக்குச் சித்த மருத்துவமும் கற்பிக்கும் ஒருங்கிணைந்த பயிற்சியின் இறுதித் தேர்வு அது. முகம் பார்த்து நோயை ஊகிக்கக்கூடாதென்று டாக்டர் சந்தானம் நீலத் திரையொன்றில் ஐந்து துளைகள் இட்டிருந்தார். துளைக்கு ஒரு நோயாளி. நீட்டிய கைமேல் துணி. தேறினால் மானாம்பதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிரந்தர வேலை. தவறினால் இம்மாதத்தோடு வீடு.

இரண்டாவது கையிலேயே சந்தேகம் வந்து விரலை அழுத்திப் பார்த்திருந்தாள்; இடைவெளி நீண்டது. இப்போது வெந்நீரில் கைகழுவி வந்து மறுபடி பிடித்தாள். இன்னும் தெளிவாகத் தெரிந்தது. திரைக்கு அப்பால் இருமல்கூட இல்லை.

தேர்வை முடித்துவிட்டு நின்ற சக செவிலி ஜெனிஃபரை ஓரமாக அழைத்துக் கேட்டாள். "ஜெனி, உனுக்கு எல்லாம் ஒரே மாரியா அடிச்சிது?"

"இன்னாடி பேசற? எனுக்கு அஞ்சும் அஞ்சு தினுசு. நீ உன் விரல் துடிப்பையே எண்ணிக்கினு கீற."

ஆறுதலுக்குச் சொன்னதுதான். அப்படியானால், நான்குக்கு ஒருமுறை நின்றுபோவது யாருடைய இதயம்?

தன் மணிக்கட்டைப் பிடித்தாள். பயத்தில் அது எண்ணுவதற்கு நிற்காமல் ஓடியது. நான்காவது துளையிலும் நான்கு; இடைவெளி. ஐந்தாவதில், துணிக்குள் அந்த விரல்கள் மெல்ல மடங்கி அவள் கையைத் தொட்டன. கத்தாமலிருக்கத் தனிப் பயிற்சி வேண்டியிருந்தது.

தேறுவதற்காக இல்லாத பித்தத்தை எழுதப்போன பேனா நின்றது. 'ஐந்தும் ஒன்றே. உடனே ஈ.சி.ஜி. தேவை' என்று எழுதிக் கொடுத்தாள்.

டாக்டர் சந்தானம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "அஞ்சு பேருக்கு ஒரே நாடியா? மத்தவாள்லாம் எவ்வளவு அழகா எழுதியிருக்கா. ஃபெயில்னு போட்டுடட்டுமா?"

"போடுங்க சார். ஆனா அவங்கள அனுப்பாதீங்க. யாருக்கோ ஹார்ட் சரியில்ல. இல்லன்னா எனுக்கு."

திரை அசைந்தது. நோயாளியாக அழைத்துவரப்பட்ட விவசாயி கன்னியப்பன், மார்பைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார்.

"டாக்டரய்யா, மத்த நாலு பேரும் காலைலயே நடவுக்குப் பூட்டாங்க, அஞ்சு ஓட்டையிலயும் மாத்தி மாத்திக் கை நீட்டிக்கினு கீறது நான் ஒருத்தன்தான்."