காலையில் தவறிவிட்டார்

பேப்பர் கப்பில் டீயோடு ஆஸ்பத்திரி வராந்தாவுக்குத் திரும்பிய அச்சகக்காரர், சட்டைப்பையில் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்த ஃபோனை எடுத்துப் பார்த்தார். சபைக் குரூப்பில் நாற்பத்தாறு செய்திகள். எல்லாமே ஆழ்ந்த இரங்கல்.

"அடப் பாவமே" என்று உச்சுக் கொட்டினார். சபையில் யாரோ போய்விட்டார்கள். யார் என்று பார்ப்பதற்கு முன்பே பழக்கதோஷத்தில் கட்டைவிரல் தன் வேலையை முடித்துவிட்டது: "கர்த்தர்தாமே குடும்பத்தாரைத் தேற்றுவாராக." அனுப்பிவிட்டு, டீயை ஒரு வாய் உறிஞ்சிக்கொண்டே, போனது யார் என்று மேலே தள்ளிப் பார்த்தார்.

மேலே, ஆறு ஐம்பதுக்கு, அவர் பெயரிலேயே ஒரு செய்தி இருந்தது.

"எங்கள் அத்தை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்."

டீ மூக்கில் ஏறியது.

கதவை லேசாகத் தள்ளிப் பார்த்தார். உள்ளே கட்டிலில், குளியலறையில் வழுக்கி விழுந்து, நேற்றுச் சாயங்காலம்தான் இடுப்பில் ஆபரேஷன் முடிந்திருந்த அத்தை, கண்ணாடி ஜன்னல் அதிரும்படி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அச்சகக்காரருக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிஷமே போய்விட்டது. நாற்பத்தாறு இப்போது அறுபத்தொன்றாகியிருந்தது.

நடந்தது இதுதான். டாக்டர் விடியற்காலையில் வந்து, "ராத்திரி நல்லாத் தூங்கினாங்க, இனி பயமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தைக்காகச் சபையே முறைவைத்து ஜெபித்திருந்தது. அவர்களுக்கு உடனே நல்ல செய்தி சொல்லவேண்டும் என்று, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியது ஏற்றியபடி, "எங்கள் அத்தை கர்த்தருடைய கிருபையால் நன்றாகத் தூங்கினார்கள்" என்று எழுத ஆரம்பித்தார். பாதி எழுதினாலே மீதி வார்த்தையை நீட்டுகிற ஃபோன் அது. கல்யாணப் பத்திரிகை அடிப்பதெல்லாம் குறைந்து, அச்சகத்துக்கு வருவது பெரும்பாலும் மரண அறிவிப்புதான் என்றான பிறகு, வருகிறவர்கள் சொல்லச்சொல்ல அவர் இந்த ஃபோனில்தான் அடித்துக்கொள்வார். அது கற்றுக்கொண்ட தமிழ் அவ்வளவும் சாவுத் தமிழ். "கர்த்த" என்றதும் "கர்த்தருக்குள்" என்று நீட்டியது. இவர் தட்டினார். அது "நித்திரையடைந்தார்கள்" என்று முடித்துக் கொடுத்தது. அதையும் தட்டினார். டீ குடிக்கப் போய்விட்டார்.

'சரி, அழித்துவிடலாம்' என்று நினைத்தார். எல்லாருடைய ஃபோனிலிருந்தும் மறையும்படி அழித்தார்.

"பாருங்க, மனசு தாங்காம அழிச்சிட்டார்" என்று எழுதினார் பாடகர் குழுத் தலைவி.

"எழுதும்போதே கை நடுங்கியிருக்கும்" என்றார் ஞாயிறு பள்ளி வாத்தியார்.

"குடும்பத்தாரைத் தேற்றுவாராகன்னு தன் குடும்பத்துக்குத் தானே ஜெபிக்கிறாரே, என்ன மனுஷன்!" என்று இன்னொருவர்.

அச்சகக்காரர் கண்ணாடியை இறக்கிச் சரியாக மாட்டிக்கொண்டார். இந்த முறை ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். "மன்னிக்கவும். காலையில் அவசரத்தில் தவறிவிட்டேன்." அனுப்பும் பொத்தானைத் தொட்ட அந்த ஒரு கணத்தில் ஃபோன் குறுக்கே புகுந்தது. அதன் அகராதியில் 'தவறி' என்று தொடங்குகிற எதற்கும் ஒரே முடிவுதான்.

"மன்னிக்கவும். காலையில் அவசரத்தில் தவறிவிட்டார்."

"அவசரமா அழைத்துக்கொண்டாரே ஆண்டவர்!" என்று அழுகிற முகம் ஐந்தோடு வந்தது பதில்.

அப்போது மனைவி கூப்பிட்டாள். எடுத்ததும் ஒரே அழுகை.

"ஏங்க, கட்டின பொண்டாட்டிக்கு ஒரு ஃபோன் பண்ணாம, குரூப்புல போட்டுத்தான் சொல்வீங்களா? அத்தையை நான் என்ன கொஞ்சமாவா பாத்துக்கிட்டேன்?"

"அடியே, அத்தை உயிரோட இருக்காங்கடி!"

அழுகை சட்டென்று நின்றது. "அப்ப செத்தது யாரு?"

"யாரும் சாகலை. ஃபோன் சாகடிச்சிடுச்சு."

விஷயத்தைக் கேட்டதும் அவள் ஓங்கிய கை ஃபோன் வழியாக அவர் கன்னத்துக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். "எழுத்தே வேணாம். உங்க கை ராசி தெரிஞ்சதுதானே? வாயத் திறந்து பேசிப் போடுங்க. குரலைக் கேட்டா நம்பாம எங்க போவாங்க?"

நல்ல யோசனைதான். அச்சகக்காரர் ஃபோனை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு, அறைக்குள் இருக்கும் அத்தைக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று அடித்தொண்டையில், மூக்கில் ஏறிய டீ இன்னும் எரிந்துகொண்டிருக்க, திக்கித் திணறிச் சொன்னார்: "யாரும் அழாதீங்க. அத்தை சாகலை. அத்தை உயிரோடதான் இருக்காங்க. நான் சொல்றதை நம்புங்க."

இரண்டு நிமிஷம் குரூப் அமைதியாக இருந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"ஆமென்!" என்று எழுதினார் வாத்தியார். "இதுவல்லவா விசுவாசம்! மரணத்தைப் பார்த்து 'உயிரோடதான் இருக்காங்க'ன்னு சொல்ல எத்தனை பேருக்கு வரும்?"

"கேட்டு நானும் என் வீட்டுக்காரரும் முழங்காலில் நிற்கிறோம்" என்றார் பாடகர் குழுத் தலைவி. "அழுகையை அடக்கிக்கொண்டு அந்தத் தம்பி பேசுகிற குரல் இருக்கிறதே!"

அதற்குக் கீழே இருபத்தெட்டு ஆமென்.

அச்சகக்காரர் எழுந்தார். இனி ஒரே வழி, குறட்டையை வீடியோ எடுத்துப் போடுவது. செத்தவர்கள் குறட்டை விடமாட்டார்கள் என்பதை எந்த விசுவாசியும் ஒத்துக்கொள்வான். மெல்ல உள்ளே போனார். நர்ஸ் ஒருத்தி அத்தையின் கையில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுப்பிடாதீங்க சார். ரெஸ்ட் எடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"இல்லம்மா, இல்லம்மா. ஒரு வீடியோதான்."

ஃபோனை நீட்டியதும் குறட்டை நின்றது.

ஐந்து நிமிஷம் நீட்டியபடி நின்றார். கை வலித்தது. அத்தை மூச்சு விடுகிறாரா என்றே தெரியாத அளவுக்கு அமைதி. வேறு வழியில்லாமல் ஒரு படம் எடுத்து, "இப்போது எடுத்தது" என்று எழுதிப் போட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தபோதுதான் உறைத்தது. கழுத்துவரை வெள்ளைப் போர்வை. மூடிய கண்கள். சீவி முடித்த தலை. மார்பின்மேல் கோத்த கைகள். தலைமாட்டில் நேற்று யாரோ கொண்டுவந்த பூங்கொத்து.

"என்ன ஒரு சாந்தமான முகம்!" என்று வந்தது முதல் பதில்.

இதற்குள் அச்சகத்தில் வடிவமைப்பு செய்கிற பெண் கூப்பிட்டாள். குரல் கரகரத்திருந்தது.

"அண்ணா, நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க. அறிவிப்பு ரெடி. நீங்க போட்ட படத்தையே வச்சிட்டேன். பிழை ஏதாவது இருந்தா மட்டும் சொல்லுங்க."

"அம்மாடி, அத்தை பிழைச்சிருக்காங்கம்மா!"

"பிழை இருக்கா? எந்த வரியில அண்ணா?"

"வரியில இல்ல! அத்தையே பிழைச்சிருக்காங்க!"

"அத்தைங்கிறதுலயே பிழையா? நடுவுல 'த்' போட்டிருக்கேனே?" பின்னால் மெஷின் தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. "அண்ணா, சரியாக் கேக்கல. முந்நூறு ஓடிடுச்சு, மிச்சத்துல திருத்திடறேன்."

தொடர்பு அறுந்தது.

பாஸ்டரைப் பிடித்தால்தான் இதற்கு ஒரு முடிவு. பாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னால் சபை அடங்கிவிடும். கூப்பிட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். ஏழு தடவை. எட்டாவது தடவைக்குப் பதிலாக ஒரு செய்தி வந்தது: "பொறுமையாய் இருங்கள். எல்லாம் நன்மைக்கே நடக்கிறது."

'ஐயா, அத்தை சாகவில்லை' என்று குரூப்பிலேயே எழுதித் தொலைத்துவிடலாம் என்று திறந்தார். எழுதுகிற இடத்தையே காணோம். நிர்வாகி மட்டுமே இனி செய்தி அனுப்ப முடியும் என்றிருந்தது. நிர்வாகி பாஸ்டர்தான். அதன்கீழ் பாஸ்டர் எழுதியிருந்தார்: "நம் அக்காவைப் பார்க்க விரும்புகிறவர்கள் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள். சபையில் இல்லாத உறவினர்களுக்கும் சொல்லுங்கள்."

அச்சகக்காரர் சுவரில் சாய்ந்தபடியே சறுக்கி உட்கார்ந்துவிட்டார்.

மனைவி மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை குரல் கிசுகிசுத்தது.

"ஏங்க, சின்னத்தைக்கு யாரோ சொல்லிட்டாங்களாம்."

அவர் எழுந்து நின்றுவிட்டார்.

சின்னத்தை என்பது அத்தையின் ஒரே தங்கை. ஒன்பது வருஷமாக அக்காளும் தங்கையும் முகம் பார்ப்பதில்லை. அவர்களுடைய அம்மா இறந்த வாரம், அம்மாவின் பழைய பைபிள் யாருக்கு என்று வந்த பேச்சு அது. முன்பக்கத்தில் வீட்டில் பிறந்தவர்கள் பெயரெல்லாம் அம்மா கையெழுத்தில் இருக்கும். மூத்தவள் நான் என்று அத்தை எடுத்து வைத்துக்கொண்டார். "நீ செத்தாக்கூட இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போன சின்னத்தை, சபையைக்கூட மாற்றிக்கொண்டுவிட்டார். ஒரே ஊரில் இரண்டு பேரும் இரண்டு கோடியில். சமாதானம் பேசப் போன பாஸ்டரே மூன்று தடவை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்.

"அவங்க வரமாட்டாங்கடி" என்றார் அச்சகக்காரர். "வந்தா நான் செத்தேன். எங்களை வச்சு விளையாடுறியான்னு கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்?"

பத்தரை மணிக்கு லிஃப்ட் திறந்தது. பாடகர் குழு இறங்கியது, கூடவே வாத்தியாரும். முன்னால் இரண்டு பேர் ஆளுயர மலர்வளையத்தைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு, கதவில் இடிக்காமல் கொண்டுவரப் படாதபாடு பட்டார்கள். தலைவி நேராக வந்து அச்சகக்காரரின் தலையைப் பிடித்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டார்.

"அழுதுடுங்க தம்பி. உள்ள வச்சுக்காதீங்க."

"அத்தை..." என்றார் தோளுக்குள்ளிருந்து.

"தெரியும் தம்பி. உயிரோடதான் இருக்காங்க. எங்களுக்கும் அந்த விசுவாசம் இருக்கு."

பாஸ்டர் கடைசியாக வந்தார். அச்சகக்காரர் அவர் கையைப் பிடிக்கப் போனார். பாஸ்டர் கூரையில் ஓடிய மின்விசிறியை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் படிக்கட்டில் தபதபவென்று காலடி கேட்டது. லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல், ஒரு காலில் கறுப்புச் செருப்பும் மறுகாலில் சிவப்புச் செருப்புமாக, மூச்சிரைக்க வந்து நின்றார் சின்னத்தை. தலை கலைந்திருந்தது.

"எங்கடா?" என்றார்.

"சின்னத்தை, ஒரு நிமிஷம், நான் சொல்றதைக் கேளுங்க..."

"எங்கடா என் அக்கா?"

அவரைத் தடுக்க ஒருவராலும் முடியவில்லை. மலர்வளையம் ஒரு பக்கம் சாய, கதவு படாரென்று திறந்தது. சின்னத்தை கட்டிலருகே மண்டியிட்டு விழுந்து, போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினார்.

"ஒன்பது வருஷம்க்கா! ஒரு புஸ்தகத்துக்காக ஒன்பது வருஷம் உன் முகத்தைப் பாக்காம இருந்துட்டேனே! அதை நீயே வச்சுக்கோக்கா. எனக்கு நீ இருந்தாப் போதும். ஒரே ஒரு தடவை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுக்கா!"

வாசலில் நின்ற பாடகர் குழு விசும்பியது. அச்சகக்காரருக்கே கண் கலங்கிவிட்டது. அத்தை உயிரோடிருப்பது ஒரு கணம் அவருக்கே மறந்துபோனது.

அத்தையின் கை மெல்ல எழுந்து தங்கையின் தலையில் விழுந்தது.

"இடுப்பை விட்டுத் தள்ளி அழு, சின்னக்குட்டி. தையல் போட்டிருக்கு."

சின்னத்தை போட்ட சத்தத்தில் கீழ்த்தளத்திலிருந்து காவலாளி ஓடிவந்தார். பாடகர் குழுவில் ஒருவர் மலர்வளையத்தின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். வாத்தியார் "ஸ்தோத்திரம்" என்று தொடங்கி, முடிக்கத் தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றார். ஒன்பது வருஷத்து அழுகையும் அதிர்ச்சியும் ஒன்றாகச் சேர, சின்னத்தை அக்காவைக் கட்டிக்கொள்வதா கன்னத்தில் ஒன்று வைப்பதா என்று புரியாமல் இரண்டையும் செய்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அழுதார்கள். வெகுநேரம் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை.

அச்சகக்காரர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தை, என்னை மன்னிச்சிடுங்க. நான் வேணும்னு பண்ணல. உங்களுக்குத் தெரியாமலே முடிச்சிடணும்னு காலையிலருந்து தலைகீழா நின்னேன், ஒண்ணும் நடக்கல. எதைத் தொட்டாலும் இன்னும் பெருசாகுது. ஏன்னே விளங்கல."

"போடா போ, உன் ஃபோனைத் தூக்கிக் குப்பையில போடு" என்றார் அத்தை. அவர் முகத்தில் கோபம் இல்லை.

தளர்ந்துபோய் வராந்தாவுக்கு வந்தவரிடம் நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சார், நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. நீங்க டீ குடிக்கப் போனப்பவே பாஸ்டர் உங்க அத்தை நம்பருக்குத் துக்கம் விசாரிக்கக் கூப்பிட்டாரு, அவங்களேதான் எடுத்தாங்க. 'என் தங்கச்சி வந்து சேர்ற வரைக்கும் என்னை யாரும் உயிரோட எழுப்பிடக் கூடாது'ன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க!"