முப்பது கைத்தடி மிட்டாய்கள்

அன்பும் மரியாதையும் மிகுந்த சகலை அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் தங்கையைக் கட்டியவன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். உங்கள் பேக்கரி அடுப்பும் முதுகுவலியும் எப்படி இருக்கின்றன?

பதினோரு வருடமாகக் கிறிஸ்துமஸ் விருந்து உங்கள் வீட்டில்தான். நீங்கள் சர்க்கரைப் பாகை இழுத்து, கைத்தடிபோல் வளைத்துச் செய்யும் கைத்தடி மிட்டாய்க்குத்தான் குடும்பமே சப்புக்கொட்டுகிறது. "ஒரு தடவையாவது எங்க அக்கா என் மேசையில உட்கார்ந்து சாப்பிடணும்" என்று என் மனைவி கேட்டுக் கேட்டு, இந்த வருடம் விட்டுக்கொடுத்தீர்கள். ஆகவே, நாளை மறுநாள் வெறுங்கையோடு வாருங்கள். ஒரு மிட்டாய்கூடக் கொண்டுவரக் கூடாது. முப்பது வருடம் ஜன்னல் கிரிலுக்குக் கம்பி வளைத்தவனுக்குச் சர்க்கரை வளையாதா?

வளைந்தது. செய்முறை உங்கள் காதுக்கு எட்டிவிடக் கூடாதே என்று முன்கதவையும் பின்கதவையும் உள்பக்கம் பூட்டி, இரண்டுக்கும் பொதுவான ஒற்றைச் சாவியைச் சமையலறைக் கொக்கியில் மாட்டினேன், பாகை வெள்ளையாகும்வரை இழுக்க ஒரு கொக்கி வேண்டும் என்பது உங்களுக்கு முன்பே தெரியும், எனக்கு அப்போதுதான் தெரிந்தது, அவசரத்தில் அதே கொக்கியில் பாகைப் போட்டு, பட்டறைத் தோல் கையுறையோடு இழு இழு என்று இழுத்து, முறுக்கி, துண்டுபோட்டு, வளைத்து, முப்பதையும் ஜன்னலோரக் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட்டுத் திரும்பினால், கொக்கி மொட்டையாக நிற்கிறது.

"ஏங்க, சாவி எங்க?"

"மிட்டாய்க்குள்ள இருக்கும். பதறாத."

"எந்த மிட்டாய்க்குள்ள?"

அது நியாயமான கேள்விதான். ஜன்னல் வழியாக வெளியே வரலாமே என்பீர்கள். கிரில் நான் வைத்தது, சகலை. பூனைகூட நுழையாது. அதை அறுக்கும் பேச்சே இல்லை. சுத்தியலை எடுத்து ஒவ்வொரு மிட்டாயாக உடைத்தேன். இருபத்திரண்டு ஆயிற்று, சாவியைக் காணோம். "மிச்சத்தைத் தொட்டீங்கன்னா பாருங்க! அக்கா முன்னாடி வெறும் தட்டை வைக்கச் சொல்றீங்களா?" என்று அவள் கண் கலங்கிவிட்டாள். எனக்கும் மனது கேட்கவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆனாலும் கவலையில்லை. மிச்சம் எட்டு மிட்டாய், விருந்துக்கும் எட்டுப் பேர். சாவி யார் பல்லில் தட்டுகிறதோ அவரே அதிர்ஷ்டசாலி என்று ஒரு புது வழக்கத்தைத் தொடங்கிவைக்கப்போகிறேன். உங்களிடம் இருக்கும் எங்கள் மாற்றுச் சாவியால் நீங்களே திறந்துகொண்டு வாருங்கள். வேறு உதவி எதுவும் தேவையில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு நூறு வயதும் நல்ல பற்களும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புச் சகலை

பி.கு.: தபால்காரரிடம் இதைக் கிரில் வழியாக நீட்டச் சாய்ந்தேன். மரம் விழுந்தது. எட்டும் தூள். எதிலும் சாவி இல்லை. சில்லுகளை அள்ளக் கையுறையை மாட்டினால், அதன் கட்டைவிரலுக்குள் சாவி; பாகை இழுத்தபோது கொக்கியிலிருந்து நழுவி உள்ளே விழுந்திருக்கிறது. கதவைத் திறந்தாயிற்று, தபால்காரர் காத்திருக்கிறார். சகலை, உங்கள் மிட்டாயில் முப்பது எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் வருவதற்கு முன்பே சமையலறை ஜன்னலுக்கு வந்துவிடுங்கள். கிரில் இடைவெளி மூன்று அங்குலம், ஒவ்வொன்றாக நீட்டினால் நுழையும். அக்காவிடம் மூச்சு விடாதீர்கள். என் மனைவி மேசையில் வைத்துவிட்டால் அது எங்கள் வீட்டு மிட்டாய்தான்.