இரண்டாவது வண்டி யாருடையது?

சரஸ்வதிபுரம், மைசூரு
திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய அக்கா மகேஸ்வரி அவர்களுக்கு,

தம்பி ஜகதீசன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் சீதாலக்ஷ்மியும் ஸ்மிதாவும் சௌக்கியம். என் இரத்த அழுத்தம் மட்டும் சனிக்கிழமை காலை வரைதான் சௌக்கியமாக இருந்தது. கோயம்புத்தூரில் நீங்களும் வீட்டில் எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேனே என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் போன் பேசினால் சமையலறை வரை கேட்கிறது. சமையலறையில் இருப்பவர்கள் மேல் எனக்கு இப்போது அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

விஷயம், ஸ்மிதாவுக்கு நீங்கள் சொன்ன வரன் பற்றியது. பையன் கௌரிசங்கர் மைசூரிலேயே வேலையாக இருப்பதால் நானே விசாரித்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர்கள் வீட்டுக்குப் பதில் தர வேண்டும் என்றீர்கள். பதில் இதுதான்: இந்தச் சம்பந்தம் வேண்டாம். நான் தவறாகவும் இருக்கலாம். ரயில்வே பணிமனைப் பண்டகசாலையில் முப்பத்துநாலு வருஷம் டெண்டர்களை ஒப்பிட்டு அறிக்கை தயாரித்தேன். ஓர் அறிக்கைகூடத் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை. ஆனால் ஒவ்வொன்றும் திரும்பி வரும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதையும் அப்படியே நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் இது டெண்டர் இல்லை, பெண். தவறான கையில் கொடுத்துவிட்டுத் திருப்பி வாங்க முடியாது.

சனிக்கிழமை காலை, பையன் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பசவராஜ் என்பவரைப் போய்ப் பார்த்தேன். அவர் காபி கொடுத்து உட்கார வைத்து, பையனைப் பற்றி இருபது நிமிஷம் நல்லதாகவே சொன்னார். வாடகைக்கு இருப்பவனைப் பற்றி வீட்டுக்காரர் இருபது நிமிஷம் நல்லது சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்குமோ, எனக்கும் அப்படித்தான் இருந்தது. கிளம்பும்போது அவராகவே, "ஒள்ளே ஹுடுகா சார், தங்கமான பையன். வண்டிப் பைத்தியம் ஒண்ணுதான். ரெண்டு வெச்சிருக்கான்" என்றார். ஒரு மனிதனுக்கு எதற்கு இரண்டு என்று கேட்டேன். ஒன்று ரோட்டில் ஓட்ட, இன்னொன்று பந்தயப் பாதையில் ஓட்ட என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்று போதவில்லை என்று இரண்டு வைத்துக்கொள்ளும் சுபாவம் வண்டியோடு நின்றுவிடும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இரண்டு வண்டிகளும் மஞ்சுநாத் என்பவருடைய ஒர்க்‌ஷாப்பில் நிற்பதாகச் சொன்னார். நேராக அங்கே போனேன். நேராகப் போனேன் என்பது சரியில்லை; எதிர்ப்பக்கம் இருந்த பேக்கரியில் முக்கால் மணி நேரம் நின்று தைரியம் வரவழைத்துக்கொண்டு போனேன். உள்ளே போனதும், நான் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கலாம் என்று இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வேறு பொய் எதுவும் அந்த நேரத்துக்குத் தோன்றவில்லை. எழுபத்தோரு வயதுக்காரன் அப்படிச் சொன்னதற்கு மஞ்சுநாத் துளிகூட ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படாததுதான் எனக்கு முதல் சந்தேகம். "பாத்துட்டு வாங்குங்க சார், அவசரமே பேடா, நிதானமா பாருங்க" என்று சொல்லி, ஒரு துணியால் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

நான் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டேன். சிவப்பு வண்டி தொள்ளாயிரம் சி.சி. கைப்பிடி உயரமாக, நேராக நிமிர்ந்து உட்காரலாம். ஸ்பிரிங் கொஞ்சம் இளக்கம், வேகத்தடையில் முதுகுக்குச் சேதம் இல்லை. கண்ணாடி உண்டு, விளக்கு உண்டு, மழையில் பிரேக் போட்டால் சக்கரம் வழுக்காமல் இருக்க ஏற்பாடு உண்டு. நீல வண்டி அறுநூறு சி.சி.தான். ஆனால் அது சிவப்பைவிட இரண்டு மூன்று குதிரைசக்தி அதிகம் என்றார். சிறிய எஞ்சினுக்குப் பெரிய சக்தி எப்படி என்று மூன்று தடவை கேட்டேன். எழுதியதை அடித்துத் திரும்ப எழுதினேன். அது நிமிஷத்துக்குப் பதினாலாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுமாம், சக்தியெல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கிறதாம், கீழே ஒன்றுமே இல்லையாம். கண்ணாடி இல்லை, விளக்கு இருந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. முதல் கியரிலேயே நூறு கிலோமீட்டர் வேகம் போகுமாம். மைசூருக்குள் அதற்கு இரண்டாவது கியரே தேவைப்படாது. பெங்களூரு விரைவுச்சாலையிலோ இரு சக்கர வண்டியை விடுவதே இல்லை. மீதி ஐந்து கியரை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்? ஓட்டுவதற்கு முன்னால் டயருக்குக் கம்பளி போலப் போர்த்திச் சூடு பண்ணுகிறார்கள் அக்கா. நான் ஜலதோஷம் என்று படுத்தால் இந்த வீட்டில் எனக்கு ஒரு போர்வை வர அரை நாள் ஆகிறது.

"கூத்கொள்ளி சார், உக்காந்து பாத்தாதான் தெரியும்" என்று மஞ்சுநாத் நீல வண்டியைப் பிடித்துக்கொண்டார். மறுக்கத் தெரியாமல் ஏறிவிட்டேன். முழங்கால் இரண்டும் விலாவுக்கு வந்துவிட்டன, மார்பு பெட்ரோல் டாங்க் மேல் படுத்துவிட்டது, கைப்பிடியைத் தேடினால் அது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ இருந்தது. இறங்க முடியவில்லை. அந்த நிலையில் இருந்தபடியே நான் கேள்விகள் கேட்டேன், அவர் பதில் சொன்னார். "உங்களுக்கே அளவெடுத்த மாதிரி இருக்கு சார்" என்றார் அவர். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்படிக் கவிழ்ந்து கிடந்ததால்தான் அக்கா, பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த அட்டை என் கண்ணுக்கு நேரே வந்தது. இந்த வண்டிகளில் ஓட்டுகிறவரின் எடைக்குத் தக்கபடி ஸ்பிரிங்கை முறுக்கி வைக்க வேண்டுமாம். எடை மாறினால் வளைவில் வண்டி சொன்னபடி கேட்காதாம். அதற்காக வண்டிக்கு ஓர் அட்டை. சிவப்பு வண்டியின் அட்டையில் ஓட்டுபவர் எடை எண்பத்தொன்று. சரிதான், பையன் பெண் பார்க்க வந்தபோது நம் வீட்டு சோபா அவனுக்கு எவ்வளவு இறங்கியது என்று நானே பார்த்தேன். நீல வண்டியின் அட்டையில் ஐம்பத்துநாலு. யாருடைய எடை இது என்று கேட்டேன். மஞ்சுநாத், "அது ஓட்றவங்களோடது சார்" என்று சொல்லிவிட்டு, கையிலேயே ஸ்பேனரை வைத்துக்கொண்டு ஸ்பேனர் தேடப் போய்விட்டார்.

மேலும் பார்த்தேன். அலமாரியில் இரண்டு ஜோடி கையுறை. ஒன்று என் கைக்கே இறுக்கமாக இருக்கும். சின்ன ஹெல்மெட் ஒன்று. அதன் உள்ளே, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, தலைமுடி கட்டுகிற கருப்பு ரப்பர் பேண்ட். டயரைப் பற்றியும் கேட்டுக்கொண்டேன். இரண்டு வண்டியும் பந்தயப் பாதைக்குப் போகிறவைதானாம். சிவப்பு வண்டி டயரின் ஓரத்தில் ஒரு விரல் அகலம் தேயாமல் புதிதாகவே இருக்கிறது. வளைவில் அதற்கு மேல் சாய்க்கப் பயந்தால் அப்படித்தான் இருக்குமாம். நீலத்தில் ஓரம் வரை தேய்ந்திருக்கிறது. பயப்படுகிறவன் என்பதற்காகப் பையன் மேல் எனக்கு ஒரு நிமிஷம் நல்லெண்ணம்கூட வந்தது. ஆனால் அந்த ஐம்பத்துநாலு கிலோ யார்? பயமே இல்லாத, கூந்தல் உள்ள, கை சிறுத்த ஒரு பெண். அவள் வண்டியும் இவன் வண்டியும் ஒரே கூரைக்குக் கீழே. இதற்கு மேல் நான் எழுத வேண்டுமா?

வீட்டுக்கு வந்து சீதாலக்ஷ்மியிடம் மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு, "ரசம் ஆறிப்போகுது, வந்து சாப்பிடுங்க" என்றாள். ஒரு பெண்ணைப் பெற்றவள் பேசுகிற பேச்சா இது? ஸ்மிதாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவள் மனம் உடையக்கூடாது. ஆனால் ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும். ஒரு குக்கர் வாங்குவதற்குக் கடைக்காரனை முப்பது கேள்வி கேட்கிற பெண், இந்த வரனைச் சொன்னபோது ஒரு கேள்விகூடக் கேட்காமல் "சரிப்பா" என்றாள். பெண் பார்த்த அன்றைக்கு இரண்டு பேரும் ஒருவரையொருவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடக்கம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இப்போது அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே இத்துடன் இரண்டு வண்டிகளையும் பத்தொன்பது வரிசைகளில் ஒப்பிட்ட அறிக்கையை இணைத்திருக்கிறேன். பதினாலாவது வரிசையைக் கவனிக்கவும். அவர்கள் வீட்டில் ஜாதகம் பொருந்தவில்லை என்றோ வேறு ஏதாவது மரியாதையாகவோ சொல்லிவிடுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம். அந்தப் பையனின் அப்பா உரக்கப் பேசுகிறவர். உங்கள் பேரப் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு நன்றாகப் படித்து முன்னுக்கு வர என் ஆசீர்வாதம். உங்கள் காலைத் தொட்டு வணங்குகிறேன்.

தங்கள் அன்புத் தம்பி,
ஜகதீசன்

பின்குறிப்பு: மேலே உள்ள எல்லாவற்றையும் ரத்து செய்துகொள்ளவும். அறிக்கைக்கு இரண்டு பிரதி எடுப்பதற்காக ஸ்மிதாவின் பிரிண்டரை அவளுக்குத் தெரியாமல் இயக்கினேன். காகிதம் சிக்கிக்கொண்டது, அவளையே கூப்பிட வேண்டியதாயிற்று. காகிதத்தை உருவி எடுத்து நின்றபடியே படித்தாள். பதினாலாவது வரிசையில் விரலை வைத்து, "அப்பா, ஐம்பத்தி நாலு இல்ல. இப்ப ஐம்பத்தி மூணு" என்றாள்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீல வண்டி வாங்கி மூன்று வருஷம் ஆகிறதாமே. மாதம் ஒரு சனிக்கிழமை உங்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கக் கோயம்புத்தூர் வருகிறாள் என்று இந்தத் தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறேன் அக்கா. பையனை அவள் பார்த்ததே அங்கே உங்கள் ஊர்ப் பந்தயப் பாதையில்தானாம். வரனை நீங்கள் கொண்டுவரவில்லை, அவள்தான் உங்களிடம் கொண்டுவந்தாளாம். சீதாலக்ஷ்மிக்கும் எல்லாம் தெரியுமாம். என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க பயப்படுவீங்கப்பா" என்றாள். பயப்படத்தான் செய்கிறேன். அவள் நிஜமாகவே அந்த வண்டியில் அப்படிக் கவிழ்ந்துகொண்டு போகிறாளா, போகும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்கிறாளா என்றெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். கடைசியில், உங்கள் இரண்டு பேரில் யார் வேகம் என்று கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டு, "ஒரு சுத்துக்கு அவரைவிட ரெண்டு செகண்ட் முன்னால வந்துடுவேன்" என்றாள்.

அப்போதிருந்து எனக்கு அந்த இரண்டு செகண்டுதான் யோசனை. இந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் அங்கே வருகிறார்கள். நீங்களும் குடை, பிளாஸ்க் சகிதம் போய் உட்காருவது வழக்கமாம். தயவுசெய்து ஒரு காரியம் செய்யுங்கள். அவள் அவனை முந்திக்கொண்டு போன பிறகு, பையன் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவான் அல்லவா, அந்த நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். மற்றபடி நான் விசாரிக்க ஒன்றும் இல்லை.