சட்டைக்குள் ஒரு பகுத்தறிவு

"செருப்பைத்தான் கழட்டியாச்சே! சட்டைய எதுக்குக் கழட்டோணும்?"

மலைமேல் பைல் நாட்டு ஊர் ஒன்றின் எல்லையில், அம்மை குத்த வந்த சர்க்கார் ஆள் குழந்தைசாமி எகிறினார். பேரில் மட்டும்தான் சாமி. மற்றபடி சாமி என்றாலே மனுஷருக்கு ஆகாது.

"சட்டையோட யாரையும் உள்ள உடறதில்லீங்க" என்றார், வழியை மறித்து நின்ற மாரியம்மன் பூசாரி காத்தான்.

"இதான் மூடநம்பிக்கைங்கறது! அம்மை கிருமியால வருது. ஆத்தாளும் இல்ல, அவ கோவமும் இல்ல. சயன்ஸ் சொல்லுது!"

"சரிங்க. சட்டையைக் கழட்டுங்க."

கழற்றலாம்தான். ஆனால் மலைக்குக் கீழே சேந்தமங்கலம் வட்டாரத்துக்கே அம்மை குத்திய அந்த மகாராசன், தான் குத்திக்கொண்டதில்லை. ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று சின்ன வயதில் அம்மா அவரைச் சோளக் குதிருக்குள் ஒளித்துவைத்தாள். வளர்ந்த பிறகு தைரியம் வரவில்லை. பயம் ஊசிக்கா, ஆத்தாளுக்கா என்று அவர் தன்னைக் கேட்டுக்கொண்டதே இல்லை. தழும்பில்லாத வெறும் புஜத்தைப் பார்த்து எவனாவது மொட்டைப் பெட்டிஷன் போட்டால் வேலை போய்விடும்.

"குளிருதுய்யா" என்றார்.

கூட்டத்தில் நின்ற இருசாயி சுள்ளி பொறுக்கி வந்து நெருப்பு மூட்டினாள். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"உடம்பெல்லாம் படை."

இருசாயி வேப்பெண்ணெய் கொண்டுவந்தாள். தடவிவிடுவதற்காகக் காத்தானே பொத்தானில் கை வைத்துவிட்டார். சட்டை கழன்றது. ஊரே இரண்டு புஜத்தையும் உற்றுப் பார்த்தது.

"படையையுங் காணோம், தழும்பையுங் காணோம்" என்றார் காத்தான். " ஏனுங்க, நீங்க குத்திக்கவே இல்லீங்களா?"

குழந்தைசாமிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சயன்ஸ் பேசிய வாயாலேயே குதிர்க் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

மானத்தைக் காப்பாற்ற ஒரே வழிதான். ஊசியை எடுத்து, கண்ணை இறுக மூடி, தன் கையிலேயே கீறினார்.

"மாரியாத்தா, காப்பாத்தும்மா!"

கத்தியது தான்தான் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. பூசாரி முகத்தைப் பார்க்கவே கூசியது.

"அதை உடுங்க" என்றார் தலையைக் குனிந்தபடி. "நானே குத்திக்கிட்டேன், பாத்தீங்கல்ல? நீங்களும் பயப்படாம வாங்க."

யாரும் அசையவில்லை. இருசாயிதான் வாயைத் திறந்தாள்.

"எங்களுக்கெல்லாம் போன வருசமே குத்தியாச்சுங்க சாமி. கையில தழும்பில்லாதவன் நோயைக் கொண்டாருவான், ஊருக்குள்ள உடாதீங்கன்னு குத்துன ஐயாதான் சொல்லிட்டுப் போனாரு. உங்களுக்கும் தழும்பு வரட்டும், அப்புறமா வாங்க."