மக்ரூன் நமுத்ததற்குச் சம்படமே காரணம்

தூத்துக்குடி,
கார்த்திகை 12

மதிப்பிற்குரிய மைத்துனர் விஜயராஜ் அவர்களுக்கு, தங்கள் தங்கை முருகேஸ்வரியின் கணவன் அய்யாக்குட்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். மழைதான் எங்களைவிடச் சுகமாக இருக்கிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. அங்கே உங்கள் வீட்டு அக்காவும் வேல்விழியும் சுகமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கையில் கடிதம் எதற்கு என்பீர்கள். போன் என்றால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். போன வெள்ளிக்கிழமை, "என் தங்கச்சி கையவா குத்தம் சொல்லுதீரு? அந்தக் கையாலதான வே ஒம்ம கடையே நிக்கி!" என்று அரை மணி நேரம் ஏசினீர்கள். நானும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டேன். இப்போது என் முறை.

மழை பிடித்ததிலிருந்து நம் கடை மக்ரூன் இரண்டே நாளில் நமுக்க ஆரம்பித்தது. மகள் கல்யாணத்துக்குப் பதினைந்து கிலோ சொல்லியிருந்த மரியான் அண்ணாச்சி, மாதிரிக்கு வாங்கிப் போனதைத் திருப்பிக் கொண்டுவந்து, "ஏலே, இது மக்ரூனா, மாவுருண்டையா? பல்லுல அப்புது. இப்படியே இருந்தா வேற கடைய பாத்துக்கிடுதேன்" என்றார். மானம் போயிற்று. அந்த எரிச்சலில் அவர் முன்னாலேயே உங்கள் தங்கையிடம், "முட்டைய ஒழுங்கா அடிச்சாத்தானளா மக்ரூன் நிக்கும்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். தப்புத்தான். உங்கள் தங்கை வெள்ளைக்கருச் சட்டியை அப்படியே கீழே வைத்தாள். "இனி நீங்களே அடிங்க" என்றவள்தான், ஒன்பது நாள் அதைத் தொடவே இல்லை. நான் அடித்துப் பார்த்தேன், மச்சான். நுரை வரவில்லை, தோள்பட்டை இறங்கியதுதான் மிச்சம். கல்யாணத்துக்கோ இன்னும் பன்னிரண்டே நாள்.

வேறு வழியில்லாமல் உங்கள் மகள் வேல்விழியிடம் புலம்பினேன். காற்றே இல்லாத எஃகுப் பெட்டி செய்யும் ஆராய்ச்சிக்கூடத்தில் அல்லவா வேலை பார்க்கிறாள்! "மாமா, எவர்சில்வர்ல கீறல் விழுந்தா மேடும் பள்ளமுமா ஆகி, பரப்பு கூடிரும். காத்துல இருக்க ஈரம் அந்தப் பள்ளத்துலல்லாம் ஒட்டிக்கிட்டு லேசுல போகாது. அதான் நாங்க பெட்டிக்கு உள்ள வழுவழுன்னு மெருகு போடுதோம்" என்றாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. பன்னிரண்டு வருடமாகத் தினமும் கம்பி நாரும் சாம்பலும் போட்டுக் மக்ரூன் போட்டுவைக்கும் கடைச் சம்படத்தை உள்ளும் புறமும் தேய்த்துத் தள்ளியது நான்தானே! உள்ளே தடவிப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி இருக்கிறது. "ஆனா மாமா, அந்த ஈரம் கண்ணுக்கே தெரியாத அளவு..." என்று பிள்ளை மேற்கொண்டு ஏதோ இழுத்தாள். தன்னடக்கம். போனை வைத்துவிட்டேன்.

உடனே சோதனை. எங்கள் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு நீங்கள் உங்கள் பெயர் வெட்டித் தந்த எவர்சில்வர் சம்படம், ஒரு கீறல்கூட இல்லாமல் பரணில் கிடந்தது. "என் கைக்கு நியாயம் கெடைக்கும்னா ஒரே ஒரு ஈடு சுடுதேன்" என்று உங்கள் தங்கை இறங்கி வந்தாள். ஒரே ஈடு மக்ரூனில் ஐம்பதை உங்கள் சம்படத்திலும் ஐம்பதைக் கடைச் சம்படத்திலும் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் மூன்று நாள் வைத்தேன். கடற்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கொட்டியது. நான்காம் நாள் மரியான் அண்ணாச்சியை உட்காரவைத்து இரண்டையும் நீட்டினேன். கடைச் சம்படத்து மக்ரூன் சவசவ. உங்கள் சம்படத்து மக்ரூன் மொறுக்! மச்சான், அந்தச் சத்தம் ஹார்பர் வரைக்கும் கேட்டிருக்கும். "ஏலே அய்யாக்குட்டி, இருவது கிலோவாப் போடுலே!" என்று அண்ணாச்சி என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

ஜெயித்துவிட்டேன்! உங்கள் தங்கை கையிலும் குற்றமில்லை, என் வாயிலும் குற்றமில்லை. எல்லாம் எவர்சில்வர் கீறல் செய்த வேலை. தெருவில் எட்டுப் பேருக்கு விளக்கியாயிற்று. இரண்டு பேர் நான் வருவதைப் பார்த்தாலே கதவைச் சாத்துகிறார்கள். விஞ்ஞானம் எல்லாருக்கும் ஏறாது. கம்பி நாரைக் குப்பையில் எறிந்தேன். உங்கள் தங்கை இன்று காலை சட்டியைக் கையில் எடுத்துவிட்டாள். அவள் முட்டை அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். மனசு நிறைந்து கிடக்கிறது. ஆகவே தாங்கள் வெள்ளிக்கிழமை ஏசியதில் பாதியையாவது திரும்பப் பெற்றுக்கொள்ளவும்.

அக்காவுக்கு என் வணக்கம். வேல்விழிக்கு ஆசியும் அரைக் கிலோ மக்ரூனும்.

வெற்றியுடன்,
அய்யாக்குட்டி

பின்குறிப்பு: உங்கள் தங்கை இதை வாங்கிப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். நான் சாமான் வாங்கப் போன மூன்று நாள் காலையிலும் உங்கள் சம்படத்து மக்ரூனை மட்டும் அடுப்புச் சூட்டில் காயவைத்துத் திரும்ப அடுக்கினாளாம். "ஏம்ளா அப்படிச் செஞ்ச?" என்றேன். "பின்ன, எங்க அண்ணன் பேரு வெட்டுன சம்படம் மரியான் அண்ணாச்சி முன்னால தோத்துப் போகணுமாக்கும்?" என்கிறாள். அப்படியானால் மக்ரூன் நமுத்தது சம்படத்தாலா, மழையாலா, இல்லை முட்டை அடித்த கையாலா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

சம்படத்தால்தான், மச்சான்.