தாய் உணவகத்தில் ‘எதுக்கும்’ அண்ணன்

கள்ளக்குறிச்சியில் கடந்த நாற்பது வருடங்களில் நடக்காமல் போன விபத்துகள் அத்தனைக்கும் ஒரே ஒரு மனிதர்தான் காரணம். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. சர்க்கரை ஆலை அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரனான எனக்கும், பிறகு எங்கள் தெரு முழுவதற்கும், அவர் ‘எதுக்கும்’ அண்ணன். வாயைத் திறந்தால் அந்தச் சொல்லில்தான் தொடங்குவார். எதுக்கும் ஒரு குடை எடுத்துக்க. எதுக்கும் பூட்ட இன்னொரு தபா இழுத்துப் பாரு. எதுக்கும் அது யாரு வூட்டு நாயின்னு கேட்டுக்க.

கல்யாணத்தன்று வேட்டி மடிப்பில் இரண்டாவதாக ஒரு தாலி வைத்திருந்தாராம். முடிச்சுப் போடும்போது முதல் தாலி நழுவிக் கூட்டத்தில் விழுந்து காணாமல் போய்விட்டால்? இதை எனக்குச் சொன்னவர் அவருடைய மனைவி. அவரை நான் அண்ணி என்றுதான் அழைப்பேன். “ரெண்டாவது தாலியப் பாத்ததும், இன்னொரு பொண்ணு எங்கியோ ஒக்காந்துகினு இருக்குதோன்னு எங்கப்பா பயந்துட்டாரு தம்பி” என்பார்.

ஒரு கோடையில் அலுவலகத்தார் எல்லோரும் கல்வராயன் மலை அருவிக்குப் போனோம். அருவி அன்றைக்குத் தெருக்குழாய் அளவுக்குத்தான் விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டி, மறுமுனையை என்னிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அதைத் திரும்ப வாங்கி ஒரு மரத்தில் கட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

இப்படிப்பட்டவரின் வீட்டில் உண்மையாகவே ஒரு கவலை வந்து உட்கார்ந்தது. ஓர் ஆடி மாதக் கடைசியில் அண்ணிக்குக் காய்ச்சல். ஒரே வாரத்தில் காய்ச்சல் போய்விட்டது. போகும்போது அண்ணியின் நாக்கு ருசியையும் மூக்கு வாசனையையும் கூடவே எடுத்துக்கொண்டு போனது. மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. ரவிக்கையில் ஊக்குகள் கூடின. அண்ணன் வாரம் ஒரு முறை அவரை மருந்துக் கடை எடை மெஷினில் ஏற்றினார். முள் இடது பக்கமே போய்க்கொண்டிருந்தது.

சிலருக்கு ருசி சீக்கிரம் திரும்பும், சிலருக்கு நாளாகும் என்றார் டாக்டர். கேட்டுவிட்டு வந்த அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

“மூணாவது சிலருக்கு இன்னா ஆவும்னு டாக்டரு சொல்லல தம்பி” என்றார்.

ஐப்பசியில் பேருந்து நிலையத்துக்கு அருகே, ஓர் உரக்கடையின் மாடியில் புதுப் பலகை தொங்கியது. தாய் உணவகம். அதைப் படித்த அண்ணன் நேராக என்னிடம் வந்தார். தாய் என்று பெயர் வைத்தவன் காரமாகப் போட மாட்டான். ரசம் சாதம் கிடைக்கும், பருப்புத் துவையல் கிடைக்கும். அம்மா கைச்சமையல் ஞாபகம் வந்தால் அண்ணிக்கு ருசியும் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. சனிக்கிழமை மதியம் அண்ணியை அழைத்துப் போகப் போவதாகச் சொன்னார். “எதுக்கும் நீயும் வா.”

வயதான கணவனும் மனைவியும் வார இறுதியில் ஒன்றாகச் சாப்பிடும் மேசையில் நான் போய் உட்கார்ந்தது இப்படித்தான். கீழே ஆட்டோ ஒன்று, ஆஸ்பத்திரி இருக்கும் திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தது.

மாடியில் நாலே மேசைகள். காகித விளக்குகள், மங்கலான வெளிச்சம், சுவரில் ஒரு படகுப் படம். உரிமையாளர்தான் சமையல்காரரும். கச்சிராயபாளையத்துக்காரர், பாங்காக்கில் ஒரு ஓட்டலில் பல வருடம் சமைத்தவர். தாய் என்பது தாய்லாந்து நாட்டுச் சமையல் என்று அவர் விளக்கியதும் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். அண்ணி எழவில்லை.

“குந்துங்க. எங்க தின்னா இன்னா, எனக்கு எல்லாம் மண்ணுதான்” என்றார்.

சிவப்பாக ஒரு சூப் வந்தது. அண்ணன் சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்துக் கிண்ணத்துக்குள் அடித்துப் பார்த்தார். இறால் கிடந்தது. இலை கிடந்தது. வட்டமாக நறுக்கிய ஏதோ ஒரு கிழங்கும் கிடந்தது. அதை எடுத்து ஓரத்தில் கடித்தவர் முகம் தெளிந்தது. சித்தரத்தை மாதிரியே இருக்கிறது, சளிக்குக் கொடுப்பது, தைரியமாகச் சாப்பிடலாம் என்றார். கிட்டத்தட்ட அதேதான், அதன் பெரிய வகை என்றார் சமையல்காரர்.

அண்ணி ஒரு ஸ்பூன் குடித்தார். இன்னொன்று குடித்தார். முகத்தைச் சுளித்தார். அண்ணன் பாதி எழுந்து, ஆட்டோ நிற்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

“புளிக்குது” என்றார் அண்ணி.

மூன்று மாதத்தில் அவர் நாக்கு கண்டுபிடித்த முதல் ருசி. அண்ணன் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

“புளிக்குதுங்க.”

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை விடவில்லை. இரண்டாவது வாரமும் புளிப்பு மட்டும்தான். மூன்றாவது வாரம் அதுவும் குறைந்ததுபோல் இருக்கிறது என்று அண்ணி சொல்ல, அண்ணன் எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவரச் சொல்லி விசாரித்தார். கார்த்திகையில் காரம் வந்தது. அண்ணி கண்ணில் நீர் வழியச் சிரித்தார். மார்கழியில் இலையின் வாசனை லேசாக மூக்குக்கு எட்டியது. எடை மெஷின் முள் மனம் மாறியது. உப்பு மட்டும் வரவில்லை. கடைசி பஸ்ஸில் வர வேண்டிய சொந்தக்காரரைப் பற்றி விசாரிப்பதுபோல, ஒவ்வொரு வாய்க்கும் அண்ணன் “உப்பு?” என்று கேட்பார். அண்ணி இல்லையென்று தலையை ஆட்டுவார். தனக்கு வரும் தட்டில் மட்டும் உப்பே போடக் கூடாது என்று அண்ணன் உத்தரவு போட்டிருந்தார். அவருக்கு ரத்தக் கொதிப்பு.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை. சமையல்காரருக்குக் கொடுக்கவென்று அண்ணி ஒரு டப்பாவில் கத்திரிக்காய்க் குழம்பு கொண்டுவந்திருந்தார். உடம்பு எவ்வளவு மோசமாக இருந்தபோதும் சமைப்பதை மட்டும் அவர் ஒரு நாளும் நிறுத்தவில்லை; ருசி தெரியாவிட்டாலும் கை அளவு தெரியும் என்பார். சூப் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு ஸ்பூனைக் கீழே வைத்தார்.

“இன்னிக்கி உப்பு ஜாஸ்தி.”

சமையல்காரர் பதறிப்போய், எப்போதும் போடும் அளவுதான் என்றார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “ஜாஸ்தியாவே இருக்கட்டும்” என்று மட்டும் சொன்னார்.

அதே சந்தோஷத்தில் சமையல்காரர் டப்பாவைத் திறந்து குழம்பில் ஒரு ஸ்பூன் எடுத்தார். விழுங்கினார். ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். நன்றாக இருக்கிறதம்மா என்று அவர் சொன்ன விதத்தில் எதையோ புரிந்துகொண்ட அண்ணி, தானும் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

“இதையா அஞ்சு மாசமா தின்னுகினு இருந்தீங்க?”

அண்ணன் மேசை விரிப்பை நீவி விட்டார். “கை அளவு கொஞ்சம் தப்பிப்போச்சு. ஒரு நாளு உப்பே இருக்காது, ஒரு நாளு ரெண்டு தபா வுழுந்துடும்.”

“சொல்றதுக்கு இன்னா?”

“சொன்னா நீ அடுப்பாண்ட போறதையும் வுட்டுடுவ. அப்புறம் படுத்துக்குவ.”

“பிரஷர் மாத்திர போடற ஆளு நீங்க.”

“எதுக்கும் தண்ணி ஜாஸ்தி குடிச்சிக்கினேன்.”

அண்ணி டப்பாவை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார்.

“இந்த ஆளையா தம்பி ஊரே பயந்தாங்கொள்ளின்னு சொல்லுது?”

அண்ணனுக்கு அந்தக் கேள்வி காதிலேயே விழவில்லை. அண்ணியின் கிண்ணத்தில் மிதந்த வாசனைப் புல் தண்டுகளை ஸ்பூனால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே வைத்துக்கொண்டிருந்தார், அவை அண்ணி தொண்டையில் குத்திவிடக் கூடாது என்று.