வேனின் டெம்பரேச்சர் முள் பற்றி மருமகனுக்கு

பகாவ்,
செவ்வாய்க்கிழமை.

அன்பிற்குரிய மருமகன் அஸ்வர் அவர்களுக்கு, மாமனார் சித்திக் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் மாமி ஷஹீதாவும் சாப்பாட்டுக் கடையும் நலம். செனாவாங்கில் நீங்களும் என் மகள் ஆஃபியாவும் நலமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக. போனில் பேசினால் என் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது. ஆகையால் இந்தத் தாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததில் பாதியைத்தான் நீங்கள் போனில் கேட்டீர்கள். ஒரு மாதமாகவே நம் வேனின் டெம்பரேச்சர் முள் ஒரு நிலையில் நிற்கவில்லை. சிவப்புக்கு ஏறும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடிக்கு விழும். மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை மாற்றினார், பிறகு ரேடியேட்டரையே மாற்றினார், முள் முன்னைவிட உற்சாகமாக ஆடியது. "மருமவன் பேக்டரில மிஷின் சூடு பாக்குற வேலைதானே, ஒரு வார்த்த கேளுங்களேன்" என்றாள் ஷஹீதா. கேட்க மாட்டேன் என்றேன். ஹரி ராயாப் பெருநாளன்று உங்கள் வீட்டில், "வேனைக் கொஞ்சம் செக் பண்ணுங்க மாமா" என்று நீங்கள் சொன்னதற்கு, "சம்பளத்துக்கு ஓடுறவன் எனக்குச் சொல்லித் தராதே" என்று கத்திவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து வந்தவன் நான். எந்த முகத்தோடு கேட்பது?

இருநூறு பேருக்குப் பிரியாணி ஏற்றிக்கொண்டு எஸ்டேட் கல்யாணத்துக்குப் போகையில், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் முன்பக்கமெல்லாம் ஆவியாகி வேன் நின்றது. என்னைக் கேட்காமலே ஷஹீதா ஆஃபியாவை அழைத்தாள். நீங்கள் பேசினீர்கள்.

"மூடியத் தொடாதீங்க மாமா, ஆவி அடிச்சிரும். ரேடியேட்டர் மாத்துன பெறகு உள்ள இருந்த காத்த வெளியேத்துனாங்களா?"

"காத்து டயர்லதானே இருக்கும்?" என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. இரண்டு நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வேனின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்க வேண்டும் என்றீர்கள். செம்பனைப் பழ லோரி ஓட்டி வந்த தேவன், "இழுத்து விடறேன் லா, அண்ணே" என்று கயிறு கட்டி மேட்டில் நிறுத்தினார். சூடு ஆறியதும் மூடியைத் திறந்து, இஞ்சினைக் கிளப்பி, கல்யாணத்துக்கு வைத்திருந்த தண்ணீர்ப் பாட்டில்களில் பதினான்கைச் சிறிது சிறிதாக ஊற்றினோம். குமிழி குமிழியாகக் காற்று வந்தது. குமிழி நின்றதும் முள்ளும் நடுவில் நின்றது. சாப்பாடு ஒன்றரை மணி நேரம் தாமதம். எல்லாருக்கும் இருந்த பசியில் உப்புக் குறைவு ஒருவருக்கும் தெரியவில்லை.

நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல், "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மாமா" என்று கடைசிவரை போனில் இருந்தீர்களாம். ஆஃபியா பிறகு சொன்னாள். ஹரி ராயாவன்று நான் சொன்னது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

வேன் இப்போது நன்றாக ஓடுகிறது. ஆகவே அதற்காக நீங்கள் லீவு போட்டு இவ்வளவு தூரம் வர வேண்டிய அவசியம் இல்லை. இருவரும் நீண்ட ஆயுளோடு இருக்க துஆ செய்யும்,
சித்திக்.

பி.கு.: முள் மறுபடியும் ஏறிவிட்டது. நேரில் பார்க்காமல் சரிவராது. ஞாயிற்றுக்கிழமை ஆஃபியாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், இங்கேயே சாப்பிடலாம். வேனை இன்று கிளப்பவே இல்லை என்று ஷஹீதா அடுப்படியிலிருந்து கத்துகிறாள். அவளுக்கு இஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது.